ரசிகர்கள் முந்திக்கொண்ட ஆல்பம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக் இசை) குறித்த கட்டுரையில் ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் ஆல்பத்தை உயர்வாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். பலமுறை கேட்டுவிட்டேன். நன்றாகவே இருக்கிறது. ஆனால் 2006இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதைக் கொண்டாடிய அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது பிடிபடவில்லை. இணையமும் பத்திரிகைகளும் சேர்ந்து ஊதிப் பெருக்கிய வெற்றி என்று இதைச் சொல்லலாமா?

ச.

அன்புள்ள ச.,

பத்திரிகைகள் ஊதின என்பது உண்மைதான். ஆனால் அவை ஊதத் தொடங்குவதற்கு முன்பே ரசிகர்கள் தங்கள் முடிவை எடுத்துவிட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த அந்த இளைஞர்கள் தங்கள் டெமோ பாடல்களைக் (முன்னோட்டப் பதிவுகளை) குறுந்தகடுகளில் பதிந்து நிகழ்ச்சிகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிச் சென்றவர்கள் அவற்றை இணையத்தில் ஏற்றிப் பகிர்ந்துகொண்டார்கள். அன்றைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸில் குழுவின் பெயரில் இருந்த பக்கத்தைத் தொடங்கியவர்களும் ரசிகர்களே. எந்தக் கடையிலும் கிடைக்காத பாடல்களை அரங்கில் கூட்டம் வரி பிசகாமல் பாடியது. டொமினோ இசை நிறுவனம் வெளியிட்ட முதல் சிங்கிள் (தனிப்பாடல் வெளியீடு) 2005 அக்டோபரில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடத்துக்குப் போனதும், 2006 ஜனவரி 23 அன்று வெளிவந்த ஆல்பம் முதல் வாரத்திலேயே பிரிட்டனில் 3,63,735 பிரதிகள் விற்றதும் இதன் விளைவுகள். அதுவரை முதல் வார விற்பனையில் முதல் ஆல்பத்துக்கான சாதனை ஹியர்'சே என்ற குழுவிடம் இருந்தது. அது தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட குழு. (மங்கீஸின் சாதனையை 2007இல் முறியடித்த லியோனா லூயிஸும் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றவர்தான்.)

நீங்கள் சந்தேகிக்க வேண்டிய இடம் வேறு. ஆல்பம் வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை இதழ் அதை எல்லாக் காலத்துக்குமான சிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்களில் ஐந்தாவதாக வைத்தது. அதே பட்டியலில் முதலிடம் பெற்ற ஸ்டோன் ரோஸஸ் குழுவின் முதல் ஆல்பம், 1989இல் வெளிவந்தபோது பெரிய ஆரவாரம் எதையும் எழுப்பாமல், பிறகே மெல்ல மெல்ல உயர்ந்தது. இன்னொரு முறை பின்தங்கிவிடக் கூடாது என்ற பதற்றம்தான் விமர்சகர்களை அப்படி எழுதவைத்தது என்று நான் நினைக்கிறேன். அந்த அவசரம் ஆல்பத்துக்கு நன்மை செய்யவில்லை. உங்களைப் போன்ற நிதானமான கேட்பவர்களிடம் தேவையற்ற ஐயத்தை உண்டாக்கியதே மிச்சம்.

ஆரம்பகால ரசிகர்களின் குறை இதற்கு நேரெதிரானது. தாங்கள் மனப்பாடமாக வைத்திருந்த டெமோக்களின் கரடுமுரடு, தயாரிப்பாளர் ஜிம் அபிஸ் பதிவுசெய்த வடிவத்தில் மழுங்கிவிட்டதாக அவர்களில் சிலர் வருந்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை: மேட் ஹெல்டர்ஸின் டிரம்ஸ் வேகமும், சொற்களை நெருக்கியடித்துக்கொண்டு விரையும் அலெக்ஸ் டர்னரின் குரலும் ஆல்பத்தில்தான் ஒன்றையொன்று விரட்டுகின்றன.

விமர்சகர்கள் சரியாகப் பிடித்த ஒன்று உண்டென்றால், அது டர்னரின் வரிகள். இரவு விடுதி வாசலில் வழிமறிக்கும் காவலாளிகள், டாக்ஸிக்கான சண்டை, சான் ஃபிரான்சிஸ்கோவில் வாழ்வதுபோல் பாவனை செய்யும் உள்ளூர்ப் பாடகன் ஆகியோரை, தன் ஊர் உச்சரிப்பை மறைக்காமல் பத்தொன்பது வயதில் பாடியவர் அவர். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் வழங்கப்படும் மெர்க்குரி பரிசு அவ்வாண்டு இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தபோது, போட்டியில் இருந்த தன் ஊர்க்காரரான பாடகர் ரிச்சர்ட் ஹாலி கொள்ளையடிக்கப்பட்டுவிட்டார், யாராவது 999ஐ (பிரிட்டனின் அவசர உதவி எண்) அழையுங்கள் என்று டர்னர் மேடையிலேயே கிண்டலடித்தார்.

மறுபடி கேட்பதாக இருந்தால், கடைசிப் பாடலான 'எ சர்ட்டன் ரொமான்ஸ்' என்பதிலிருந்து தொடங்குங்கள். ஊர் முரட்டு இளைஞர்களை ஏளனத்தோடு விவரித்துக்கொண்டே போகும் அந்தப் பாடல், அவர்களில் சிலர் தன் நண்பர்கள் என்பதால் கோபம் வர மறுக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. ஆரவாரமாக எழுதப்பட்ட மதிப்புரைகளை ஒதுக்கிவிட்டு அதை மட்டும் வைத்து நீங்கள் என்ன தீர்ப்புக்கு வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.