துணிப்பை தைத்து விற்கும் திட்டம்: 200 பேர் "வாங்குவோம்" என்றது போதுமா?

போதாது. 12 பெண்களுக்கு வேலை கொடுக்க ஊரில் 200 பேரிடம் கேட்டீர்கள், பெரும்பாலோர் 45 ரூபாய் கொடுத்து வாங்குவோம் என்றார்கள், அதை நம்பி கடனில் 6 தையல் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல காரியத்துக்கு என்று வந்து கேட்டால் முகத்துக்கு நேராக "வாங்க மாட்டோம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்களும் இப்படி நம்பி 300 பை தைத்தோம், பாதிக்கு மேல் மூட்டையிலேயே கிடந்தது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, ஆனால் தடை வேறு, தேவை வேறு. ஒரு நாள் சாயங்காலம் 6 மணியிலிருந்து 8 மணி வரை மளிகைக் கடை ஓரமாக நின்று, எத்தனை பேர் பையோடு வருகிறார்கள், எத்தனை பேர் "ஒரு கவர் குடுங்கண்ணே" என்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு வீடு கல்யாணத் தாம்பூலப் பை ஆணியில் சும்மா தொங்குகிறது, கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மெஷினே மஞ்சப்பை தருகிறது. இதில் உங்கள் 45 ரூபாய் பையை யார் வாங்குவார்?

என்னைக் கேட்டால், அந்தத் தாம்பூலப் பையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்தான் உங்கள் ஆள். கல்யாண வீட்டார், மண்டபக்காரர்கள், ஜவுளிக்கடைகள். இருக்கிற மெஷினில் 5 மாதிரி தைத்து எடுத்துப் போய் இப்போது என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள், அட்வான்ஸ் கேளுங்கள். கடைக்காரர் கடனுக்குக் கேட்டால் எத்தனை நாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், கூலி வாரா வாரம் கொடுத்தாக வேண்டுமே.

அட்வான்ஸோடு இரண்டு மூன்று ஆர்டர் வரட்டும், அப்புறம் மெஷின்.