பில்ட்பேக்கும் பைத்தானும்: வாசகர் கேள்விகள்

கே: என் ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) முப்பது பைத்தான் கோப்புகள் இருக்கின்றன. ஆனாலும் மொழியைக் கண்டறிய முடியவில்லை என்று சொல்லி செயலிகளை இணையத்தில் இயக்கித்தரும் ஹெரோகுவில் பில்ட் (நிரலை இயங்கத் தயார்செய்யும் வேலை) நின்றுவிடுகிறது. ஏன்?

ப: அந்த முப்பது கோப்புகளையும் ஹெரோகு திறந்தே பார்ப்பதில்லை. ஒரு மொழியின் நிரலைப் பில்ட் செய்யும் கருவித்தொகுப்புதான் பில்ட்பேக். ஒவ்வொரு பில்ட்பேக்கிலும் 'டிடெக்ட்' என்றொரு சிறு நிரல் உண்டு. ரெப்போவின் ரூட் ஃபோல்டரில், அதாவது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஃபோல்டரில், அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பைத்தானுக்கு அந்த அடையாளம், நிறுவவேண்டிய தொகுப்புகளின் பட்டியலான ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு, இல்லையென்றால் பொயட்ரி, யூவி போன்ற தொகுப்பு மேலாண்மைக் கருவிகளின் லாக் கோப்பு. பலரும் இதை 'பேக்கெண்ட்' ஃபோல்டருக்குள் வைத்துவிடுகிறார்கள். உங்களுடையதும் அங்கேதான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

கே: என்னுடையது ஜாங்கோ (பைத்தான் வலைச் சட்டகம்) ப்ராஜெக்ட். ஹெரோகு அதை நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) என்று எடுத்துக்கொண்டு பில்ட் செய்கிறது!

ப: டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கருவிக்காகவோ வேறெதற்காகவோ ரூட்டில், நோட்டின் அடையாளமான பேக்கேஜ் ஜேசன் கோப்பு ஒன்றை வைத்திருப்பீர்கள். பில்ட்பேக்குகள் வரிசையாகத்தான் சோதிக்கப்படும். ஹெரோகுவில் அந்த வரிசையில் பைத்தானுக்கு முன்பே நோட் வந்துவிடுகிறது. முதலில் பொருந்தியது எதுவோ அதுவே தேர்வாகும், பைத்தானுக்கு முறையே வராது. பில்ட்பேக்குகளை நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்: முதலில் நோட், கடைசியில் பைத்தான். கடைசியில் இருப்பதையே முதன்மை மொழியாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் இந்த வரிசை முக்கியம். ஒரே மொழி உள்ள ப்ராஜெக்ட்டிலும் இப்படி எழுதிவைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு கோப்பைச் சேர்த்தாலும் பில்ட் திசை மாறாது.

கே: பைத்தான் வெர்ஷனை 3.12 என்று போடவா, 3.12.4 என்று போடவா?

ப: 3.12 போதும். பாதுகாப்புத் திருத்தங்கள் அடுத்த பில்டில் தானாக வந்து சேரும். புள்ளிக்குப் பின் இன்னொரு எண் சேர்த்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

கே: என் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு, விண்டோஸில் பிப் ஃப்ரீஸ் (நிறுவிய தொகுப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) செய்து எடுத்த பட்டியல். பில்டில் 'பைவின்32' கிடைக்கவில்லை என்கிறது.

ப: பிப் ஃப்ரீஸ் அந்தப் பைத்தானில் நிறுவியிருக்கும் தொகுப்புகளையெல்லாம் அப்படியே கொட்டிவிடும். பைவின்32 விண்டோஸுக்கு மட்டுமே உரியது, ஹெரோகுவில் உங்கள் செயலி ஓடும் தனிப் பெட்டியான கன்டெய்னரோ லினக்ஸ். அந்த வரியை நீக்குங்கள். இனி இந்த ப்ராஜெக்ட்டுக்கென்றே தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (தனித்த பைத்தான் சூழலில்) தேவையானதை மட்டும் நிறுவிப் பட்டியலெடுங்கள்.

கே: பில்ட் வெற்றி, ஆனால் தளம் திறக்கவில்லை.

ப: சர்வர் 127.0.0.1இல் கேட்டுக்கொண்டிருக்கும். அது கன்டெய்னருக்கு உள்ளே மட்டுமே தெரியும் முகவரி. செயலியைத் தொடங்கும் கட்டளை உள்ள ப்ராக்ஃபைலில், ஜியூனிகார்ன் என்ற பைத்தான் சர்வரை 0.0.0.0 (எல்லா முகவரிகளிலும் கேள் என்று பொருள்) முகவரிக்கு மாற்றுங்கள், போர்ட் எண்ணை என்விரான்மென்ட் மாறியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நோட்பேடில் சேமித்தீர்களானால் ப்ராக்ஃபைல் பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.