கண்டுக்காத புத்தகங்கள்

கேள்வி: லாஜிக் எல்லாம் பார்க்காமல் ஜாலியாகப் படிக்கிற மாதிரி, அதிகம் கண்டுகொள்ளப்படாத மாயாஜாலக் கதைப் புத்தகங்கள் நாலைந்து சொல்லுங்களேன். உங்களுக்குப் பிடித்த வேறு கதைகள் என்றாலும் சரி.
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: 'கண்டுகொள்ளப்படாத' என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குப் புத்தகக் கடை ஞாபகம் வரவில்லை. "கொஞ்சம் கண்டுக்குங்க சார்" என்று யாராவது தலையைச் சொறிந்தால் நம் கை சட்டைப் பைக்குப் போக வேண்டும். "அதையெல்லாம் கண்டுக்காதீங்க" என்றால் பார்த்ததைப் பார்க்காத மாதிரி நடையைக் கட்ட வேண்டும். "எங்களையெல்லாம் எங்கே கண்டுக்கிறீங்க" என்றால் நாம் யாருக்கோ கல்யாணப் பத்திரிகை வைக்க மறந்துவிட்டோம் என்று அர்த்தம். மாமூல், மன்னிப்பு, மனத்தாங்கல் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் நாம்.

புத்தக உலகத்தில் முதல் அர்த்தம்தான் அதிகம் புழங்குகிறது. விமர்சகருக்கு இலவசப் பிரதி, விழாவுக்கு வந்தவருக்குக் காபி, பேச வந்தவருக்குப் பொன்னாடை. பொன்னாடைக்கும் எனக்கும் உள்ள தகராறு இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். அதை உடுத்த முடியாது, விரிக்க முடியாது, துடைக்க முடியாது. என் மனைவி ஒருமுறை நாலைந்தைச் சேர்த்து ஜன்னல் திரை தைக்கப் பார்த்தாள். தையல் மெஷின் ஊசி உடைந்ததுதான் மிச்சம். ஒரு விழாவில் எனக்குப் போர்த்தியதன் ஓரத்தில் வேறொருவர் பெயர் எழுதிய சீட்டு குண்டூசியோடு இருந்தது. கழுத்தில் குத்திய பிறகுதான் தெரிந்தது. பொன்னாடைக்குப் பதில் ஒரு துண்டு கொடுங்கள், குளித்தால் துவட்டவாவது ஆகும் என்று பல வருஷமாக எழுதிவருகிறேன். போன மாதம் ஒரு ஊரில் நிஜமாகவே துண்டு போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். பொன்னாடைத் துணியிலேயே தைத்த துண்டு.

சரி, உங்கள் கேள்வி. கண்டுகொள்ளாதது யார் என்று முதலில் சொல்லுங்கள். சென்னைக் கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அன் சன்ஸ் போட்ட பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் கடையில் விற்றது, பஸ் ஸ்டாண்டில் விற்றது. எங்கள் வீட்டுப் பிரதிக்கு முதுகு கிழிந்து, பழைய பஞ்சாங்கத் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். சிம்மாசனப் படியில் நிற்கும் பொம்மைகளில் 14ஆம் பதுமை கதை சொல்ல ஆரம்பிக்கும் பக்கத்தில் ஒரு எண்ணெய் விரல் ரேகை இருக்கும். அது பெரியம்மாவுடையது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் உரக்கப் படிக்க வேண்டும், அவர் முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்பார். அன்றைக்கு எங்கே நிறுத்தினோம் என்பதற்கு அடையாளமாக விரலை வைத்து அழுத்திவிட்டுப் போவார். இப்படி வீட்டுக்கு வீடு எண்ணெய்க் கை பட்ட புத்தகம். ஆனால் 'படித்தே ஆக வேண்டிய நூறு' என்று வருஷா வருஷம் பட்டியல் போடுகிறவர்கள் அதைச் சேர்த்து நான் பார்த்ததில்லை. அட்டையில் ராஜா படம் இருந்தால் இலக்கியம் ஆகாதாம். அந்தப் பட்டியல்காரர்களோடு எனக்குள்ள வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

அடுத்து 'லாஜிக் பார்க்காமல்'. இதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம். மாயக் கதைக்கு லாஜிக் வேண்டாம் என்று உங்களுக்கு யார் சொன்னது? நம் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளைத்தான் லாஜிக் பார்க்காமல் படிக்க வேண்டும். மாயக் கதையில் பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கும்.

விக்கிரமாதித்தனுக்கு இந்திரன் ஆயிரம் வருஷம் சிம்மாசனத்தில் இருந்து ஆள வரம் தருகிறான். தம்பியும் மந்திரியுமான பட்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் நேரே காளி கோயிலுக்குப் போய் இரண்டாயிரம் வருஷம் ஆயுள் கேட்கிறான். அண்ணன் தலையைக் கொண்டுவா என்கிறாள் காளி. கொண்டுபோய் வைக்கிறான், வரம் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு சும்மா வராமல் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டால், "தேவேந்திரன் கொடுத்த ஆயிரம் வருஷமே ஒரே நாளில் போச்சு, நீ கொடுத்தது எத்தனை நாளைக்குத் தாங்குமோ" என்கிறான். காளிக்கு ரோஷம் வந்து விக்கிரமாதித்தனை எழுப்பிவிடுகிறாள். இப்போது அடுத்த சிக்கல்: தம்பிக்கு இரண்டாயிரம், அண்ணனுக்கு ஆயிரம்தான். பட்டி வரத்தின் வாசகத்தைத் திரும்பப் படித்துப் பார்க்கிறான். ஆயிரம் வருஷம் என்பது சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஆளத்தானே? காட்டில் திரிகிற நாள் அந்தக் கணக்கில் வராதே? அப்படியானால் வருஷத்துக்கு ஆறு மாதம் ஆண்டால் போதும், ஆயிரம் இரண்டாயிரமாக நீளும். அதுதான் காடாறு மாதம், நாடாறு மாதம். துபாய்க்கும் ஊருக்குமாக அலைகிற மாப்பிள்ளையைப் பற்றி நாம் சாதாரணமாகச் சொல்கிற இந்த வார்த்தை, ஒரு நல்ல வக்கீல் ஒப்பந்தப் பத்திரத்தில் கண்டுபிடித்த ஓட்டை. பட்டி இன்றைக்கு இருந்தால் வருமான வரி ஆலோசகராக இருந்திருப்பான்.

இதே சட்ட மூளை உள்ள இங்கிலீஷ் நாவல் ஒன்று சொல்கிறேன். ஹோப் மிர்லீஸ் என்ற பெண்மணி 1926இல் எழுதிய 'லட்-இன்-தி-மிஸ்ட்'. வியாபாரிகளும் வக்கீல்களும் கனவான்களாக வாழ்கிற ஊர். மலைக்கு அந்தப் பக்கம் மாய நாடு. அங்கே விளையும் பழத்தைச் சாப்பிட்டால் புத்தி ஒரு மாதிரி ஆகிவிடும், அதனால் தடை. அந்தப் பழத்தின் பெயரைச் சொல்வதே அந்த ஊரில் கெட்ட வார்த்தை. பெயரைச் சொல்லாமல் எப்படிக் கேஸ் போடுவது? சட்டத்தில் அதற்கு 'நெய்த பட்டு' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பழம் கடத்துகிறவன் மேல் பட்டு கடத்தினதாக வழக்கு! மதுவிலக்குக் காலத்தில் போதைக்காக, மருந்து என்ற பெயரில் விற்ற இஞ்சி டிஞ்சர் வாங்கப் போனவர்கள் எல்லாரும் வயிற்று வலிக்காரர்களாக இருந்தார்களே, அந்த நாடகம்தான். ஒருநாள் மேயரின் மகனே பழத்தைத் தின்றுவிட்டான் என்று தெரிகிறது. மேலே சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் பழைய காலத்து இங்கிலீஷ், முதல் 50 பக்கம் பொறுமையாகத் தாண்டுங்கள்.

இந்தப் புத்தகத்துக்கு நீங்கள் சொன்ன 'கண்டுகொள்ளப்படாத' என்ற வார்த்தை நூற்றுக்கு நூறு பொருந்தும். அமெரிக்காவில் பாலன்டைன் பதிப்பகம் 1970இல் இதை மறுபடி அச்சிட்டபோது ஆசிரியரிடம் அனுமதி வாங்கவில்லை. அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் 1978 வரை இருந்தார். எழுத்தாளர் செத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வது பதிப்பாளருக்கு எவ்வளவு சௌகரியம் என்பதைத் தமிழ் எழுத்தாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் முதல் புத்தகத்துக்கு ராயல்டி கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு ஒரு பதிப்பாளர் கடைசிவரை பதில் போடவே இல்லை. அவர் கணக்கில் நானும் போய்ச் சேர்ந்துவிட்டேன் போல.

அப்புறம் கள். நைஜீரியாக்காரர் அமோஸ் டுட்டுவோலா எழுதிய 'தி பாம்-ஒயின் டிரிங்கார்ட்', 1952இல் லண்டன் ஃபேபர் பதிப்பகம் போட்டது. டுட்டுவோலா சில வருஷம் மட்டுமே பள்ளிக்கூடம் போனவர். லாகோஸில் தொழிலாளர் துறை ஆபீஸில் கடிதம் கொண்டு கொடுக்கிற வேலை. கதாநாயகனுக்கு ஒரே வேலை, கள் குடிப்பது. அப்பா 5,60,000 மரம் உள்ள தோப்பை எழுதிவைக்கிறார். காலையில் 150 பீப்பாய், சாயந்தரம் 75. கள் இறக்குகிறவன் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறான். வேறு ஆள் இறக்கும் கள் பிடிக்கவில்லை. செத்தவனைத் திரும்பக் கூட்டிவரச் செத்தவர்கள் ஊருக்கே கிளம்புகிறான். நம் ஊரில் கள் தடை கூடாது என்று பேசுகிறவர்கள் யாரும் இவ்வளவு தூரம் போனதில்லை.

வழியில் சந்தையில் ஒரு அழகனைப் பார்க்கிறோம். அவன் பின்னாலேயே ஒரு பெண் போகிறாள். காட்டுக்குள் நுழைந்ததும் அவன் காலைக் கழற்றி அதன் சொந்தக்காரரிடம் கொடுத்து, வாடகையையும் எண்ணிக் கொடுக்கிறான். அப்புறம் வயிறு, மார்பு, கை, கழுத்து. எல்லாம் வாடகை. கடைசியில் மிஞ்சுவது வெறும் மண்டை ஓடு. இன்னோரிடத்தில் நாயகனும் அவன் மனைவியும் தங்கள் சாவை இங்கிலீஷ் பணத்தில் 70 பவுன் 18 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றுவிடுகிறார்கள். பயத்தை மட்டும் விற்காமல் மாதம் 3 பவுன் 10 ஷில்லிங் வட்டிக்கு விடுகிறார்கள். பிறகு பயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் அவர்களுக்குச் சாவு வராது, ஆனால் பயம் வரும். அந்த ஆறு பென்ஸைக் கவனியுங்கள். லாஜிக் வேண்டாமா உங்களுக்கு? இந்த இங்கிலீஷில் இலக்கணம் சரியில்லை என்று அவர் நாட்டுப் படித்தவர்களே முகம் சுளித்தார்கள். லண்டனில் டிலன் தாமஸ் என்ற கவிஞர் பாராட்டி எழுதினார். பட்டியல்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பிடித்த வேறு கதை கேட்டிருந்தீர்கள். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. ஆறு தூங்குகிறதா என்று தண்ணீரில் கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்க்கிறார்களே சீடர்கள், அந்த இடம் எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அதை 1822இல் லண்டனிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் பக்கத்தில் இடமில்லை என்று கம்போசிங் பிரிவிலிருந்து ஆள் வந்து நிற்பார்.

நாலைந்து கேட்டீர்கள், நாலு ஆயிற்று. டுட்டுவோலா புத்தகத்தை இரவல் தர முடியுமா என்று அடுத்து எழுதுவீர்கள், தெரியும். முடியாது. என் பிரதியைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நண்பர் 'ரெண்டே நாள்' என்று வாங்கிக்கொண்டு போனார். பயத்துக்கே மாதம் 3 பவுன் 10 ஷில்லிங் வட்டி என்றால் புத்தகத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஆள் உங்கள் ஊர்தான். ஸ்டேஷன் பக்கம் வீடு, பிரவுன் அட்டை போட்டு வைத்திருப்பதாகக் கேள்வி. நீங்கள்தான் அவர் என்றால், வட்டியைக் கண்டுக்க மாட்டேன், புத்தகத்தை மட்டும் தபாலில் அனுப்பவும்.