காய்ச்சலோடு மூச்சையும் எண்ணுங்கள்

கேள்வி: என் பத்து மாதக் குழந்தைக்கு இரண்டு நாள்களாக இருமலும் 102 டிகிரி காய்ச்சலும் இருக்கின்றன. மருத்துவர் சட்டையை விலக்கி மார்பைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று கூறிப் பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. இந்தச் சிகிச்சை போதுமா?

பதில்: மருத்துவர் அந்த நேரத்தில் குழந்தையின் மூச்சை எண்ணியிருப்பார். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50 முறையும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 முறையும் அல்லது அதற்கு மேலும் மூச்சு விட்டால் அதை வேக மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. இருமலோடு வரும் வேக மூச்சு நிமோனியாவின் முக்கிய அடையாளம். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது என்பதால், அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும் நேரத்தில் முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறும்.

மூச்சின் வேகமும் மார்பின் அசைவும் இயல்பாக இருந்தால், இத்தகைய சளி பெரும்பாலும் வைரஸால் வருவதே. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது, வயிற்றுப்போக்கைத்தான் கூட்டக்கூடும். எக்ஸ்ரேயும் தேவைப்படாது. பாராசிட்டமாலை வயதைப் பார்த்துக் கொடுக்காமல், ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே செறிவுள்ளவை அல்ல என்பதால், ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது ஆபத்து.

எனினும், எப்போது உடனே திரும்பி வர வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பியிருந்தால், அந்தச் சிகிச்சையை நான் முழுமையானதாகக் கருத மாட்டேன். பால் குடிக்க இயலாமை, குடித்தது அனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குதல், அமைதியாக இருக்கையிலேயே மூச்சில் கரகரப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சலே அதற்குப் போதுமான காரணம்.

கேள்வி: காய்ச்சலில் வலிப்பு வந்தால் பற்களுக்கிடையே கரண்டி வைக்கலாமா?

பதில்: வைக்கவே கூடாது, பல் உடைந்து மூச்சுக்குழாயில் சிக்கலாம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசர சிகிச்சை வேண்டும்; முதல் முறை வந்த வலிப்பாக இருந்தால், விரைவில் நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வரும் இவ்வகை வலிப்பு, குறுகிய நேரத்தில் நின்றுவிட்டால், பெரும்பாலும் மூளையைப் பாதிப்பதில்லை. பாராசிட்டமால் கொடுப்பதால் அது மறுபடி வராமல் தடுக்கப்படுவதில்லை. ஆகவே அச்சத்தில் அளவைக் கூட்டிவிடாதீர்கள்.