ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்குக் கைலித் தறி. மகள் வேலூரில் பி.காம் கடைசி வருஷம் (இங்கிலீஷ் மீடியம்). பிளஸ் டூ வரை கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது அவள்தான் முதல். காட்பாடியில் ஒரு கன்சல்டன்சியில் சென்னையில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி 35,000 ரூபாய் கேட்கிறார்கள். முதலில் 5,000 கட்டி, ஒரிஜினல் மார்க் ஷீட்களைக் கொடுக்க வேண்டுமாம். முதல் பட்டதாரி சான்றிதழும் அவர்களே எடுத்துத் தருவார்களாம். அது இருந்தால் அரசு வேலை சுலபமாம். மகள்தான் எனக்கு மண்டிக் கணக்கு எழுதுவாள், கெட்டிக்காரி. இங்கிலீஷ் பேசத்தான் வராது. என்ன செய்யட்டும்?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பணத்தையும் கொடுக்காதீர்கள், மார்க் ஷீட்டையும் கொடுக்காதீர்கள். பணம் போனால்கூட நாலு மாசத்தில் புரட்டிவிடலாம். பத்தாவது மார்க் ஷீட்டை எவனோ பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டால் உங்கள் மகளின் கையைக் கட்டிப்போட்ட மாதிரி.

நான் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் பேரணாம்பட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் இதே மாதிரி கொடுத்துவிட்டான். சேர்ந்தது வேறு வேலை, சொன்ன சம்பளத்தில் பாதி. விட்டு வருகிறேன் என்றால் ஒரிஜினலுக்கு நாற்பதாயிரம் கட்டச் சொன்னார்கள். அதற்குள் அரசுத் தேர்வு ஒன்றில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெராக்ஸை வைத்துக்கொண்டு அழுதான். அந்த வருஷம் போனது போனதுதான்.

ஒழுங்கான கம்பெனி ஒரிஜினலை வாங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்கும். கையில் வைத்துக்கொள்வது ஜெராக்ஸ் மட்டும்தான். ஒழுங்கான கன்சல்டன்சி தன் கூலியைக் கம்பெனியிடம் வாங்கும், பிள்ளையிடம் வாங்காது. 'திருப்பித் தரக்கூடிய டெபாசிட்', 'லேப்டாப் சார்ஜ்', 'பேக்டோர்' என்று எந்தப் பெயர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டால் வரும்போது செருப்பைக்கூடத் தேட வேண்டாம்.

அடுத்து அந்த முதல் பட்டதாரி சான்றிதழ். அரசு கவுன்சலிங் வழியாக இன்ஜினியரிங் மாதிரித் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை தருவதற்காக வந்தது அது. பி.காம் முடிக்கப் போகிற பெண்ணுக்குக் கட்டணத்தில் ஒரு பைசா குறையாது, டிஎன்பிஎஸ்சி தேர்வில் ஒரு மார்க்கும் ஏறாது. எடுத்து வைத்தால் தப்பில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் கட்டணம். அதற்கும் ஒரு புரோக்கர் முளைக்கிறான் என்றால், தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை நடக்கவிட்டு ஜனங்களைக் களைக்க வைக்கிறார்களே, அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

டிஎன்பிஎஸ்சி தேர்வு வழியாக அரசு வேலைக்குப் போக உதவுகிற காகிதம் வேறொன்று இருக்கிறது, அதைப் பற்றி அந்தக் கன்சல்டன்சிக்காரர் வாய் திறந்திருக்க மாட்டார். தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ், பிஎஸ்டிஎம் என்பார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. இதில் ஒரு சிக்கலைப் பொறுமையாகக் கேளுங்கள். 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அந்த வேலைக்கு எந்தப் படிப்பு தகுதியோ, ஒன்றாம் வகுப்பிலிருந்து அதுவரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 2 தேர்வுக்குத் தகுதி டிகிரி. உங்கள் மகளின் டிகிரி இங்கிலீஷ் மீடியம், ஆகவே அங்கே ஒதுக்கீடு கிடையாது. பரீட்சையைத் தமிழில் எழுதினேன் என்றாலும் செல்லாது. ஆனால் குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்பு. பத்து வரை அவள் தமிழ் மீடியம். ஆகவே அங்கே ஒதுக்கீடு உண்டு! பி.காம் இங்கிலீஷ் மீடியம் என்பது குறுக்கே வராது. இது தெரியாமல் 'நான்தான் இங்கிலீஷ் மீடியமாச்சே' என்று அந்தக் கட்டத்தையே தொடாமல் விண்ணப்பித்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று முதல் பத்து வரை எத்தனை பள்ளியில் படித்தாளோ அத்தனை பள்ளியிலும், டிஎன்பிஎஸ்சி சொல்லும் படிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். 'தேர்வு வரட்டும், பார்க்கலாம்' என்று விட்டால் அன்றைக்கு எச்.எம் லீவில் இருப்பார். இந்த மாசமே வாங்குங்கள். குரூப் 4-க்கு ஒரே எழுத்துத் தேர்வு, நேர்முகம் கிடையாது. 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இதில் புரோக்கர் எந்தப் பக்கம் நுழைவான்? வாங்கித் தருகிறேன் என்பவன் பொய் சொல்கிறான்.

தேர்வை நம்பி வீட்டில் உட்கார வைக்கவும் வேண்டாம். மத்திய அரசின் 'நாட்ஸ்' (NATS) இணையதளத்தில் பட்டதாரிகளுக்கான அப்ரன்டிஸ் பயிற்சி இருக்கிறது. பதிவு இலவசம், உதவித்தொகை உண்டு, முடித்தால் சான்றிதழ். பி.காம் பிள்ளைகளையும் எடுக்கும் இடங்கள் அதில் வரும். இல்லையென்றால் வேலூரிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீஸ். சம்பளம் கைக்கும் வாய்க்கும் எட்டாது, தெரியும். ஆனால் ஒரு வருஷம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்ட பெண்ணை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் மதிப்பார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி என்றால் நமக்குத் தையல் மிஷின்தான் ஞாபகம் வருகிறது. ஏற்றுமதிக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் தயாரிக்கவும் அங்கே ஆள் வேண்டும்.

இங்கிலீஷைப் பற்றிச் சொன்னீர்கள். மூன்று வருஷம் சும்மா விட்டுவிட்டு, கடைசி செமஸ்டரில் 'பிளேஸ்மென்ட் டிரெயினிங்' என்று பேனர் கட்டுகிற கல்லூரிகளை என்ன சொல்வது! உங்கள் மகள் மண்டிக் கணக்கு எழுதுகிறாள் என்றீர்களே, அந்த நோட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இலை, எவ்வளவு தூள் வாங்கியது, எத்தனை ஆயிரம் பீடி சுற்றிக் கொடுத்தது, எத்தனையைக் கழித்தார்கள், வாரக் கூலி எவ்வளவு. சரக்குக் கணக்கு, கழிவுக் கணக்கு, கூலிக் கணக்கு மூன்றும் அதில் இருக்கிறது. இதை ஆறு வாக்கியம் இங்கிலீஷில் எழுதி, உங்களை உட்கார வைத்துத் தினம் சத்தமாகச் சொல்லட்டும். உங்களுக்குப் புரியாவிட்டால் என்ன, திக்காமல் சொல்கிறாளா என்று பாருங்கள். பயோடேட்டாவில் 'ஹாபி: பாட்டு கேட்பது' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு இந்தக் கணக்கை எழுதச் சொல்லுங்கள்.

5,000 கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போனில் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கையில் கொடுத்திருந்தால் ரசீதோடு காவல் நிலையம். மார்க் ஷீட்டே போயிருந்தால் தனியாகப் போகாமல் கல்லூரியில் விவரமான ஆசிரியர் ஒருவரை அழைத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே போய்க் கேளுங்கள்.