பின் டயரைப் பாருங்கள்

அன்புள்ள சார்,

1969-இல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' படத்தை நேற்று இரவு பார்த்தேன். பார், பார் என்று நண்பர் ஒருவர் பத்து வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் தூக்கம் வரவில்லை. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடி, விடிகாலை மூன்று மணி வரை பார்வையாளர் கருத்துகளையே படித்துக்கொண்டிருந்தேன். பாதிப்பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மீதிப்பேர் முதல் ஒரு மணி நேரம் இழுவை, கதையில் ஆழமில்லை, முடிவே இல்லாமல் ஏமாற்றிவிட்டார்கள், திருடர்களை நாயகர்களாக்குகிறது, 2003-இல் வந்த மறுஆக்கமே மேல் என்கிறார்கள். நான் இயந்திரப் பொறியாளன், எனக்கு உறுத்தியது வேறு. கதையில் திருடப்படுவது 40 லட்சம் டாலர் தங்கம் என்கிறார்கள். அன்றைய அதிகாரபூர்வ விலை அவுன்ஸுக்கு 35 டாலர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்றரை டன் வருகிறது. படத்தில் வருவதுபோல் அதை 'மினி' என்ற பிரிட்டிஷ் குட்டிக் கார்கள் மூன்றில் ஏற்றினால் வண்டிக்கு 1,100 கிலோவுக்கு மேல். வண்டியின் சொந்த எடையே 700 கிலோவைத் தாண்டாது. இந்த லாஜிக் ஓட்டை தெரிந்த பிறகும் படத்தை எப்படி ரசிப்பது? என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, கார் பைத்தியம். முதல் ஒரு மணி நேரத்தை ஓட்டிவிட்டு நேராகத் துரத்தல் காட்சியிலிருந்து அவனுக்குக் காட்டலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். சினிமாக் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. போட்டால் அடுத்த வாரமே இருபது கடிதம் வந்து நிற்கும். உங்களுக்கு எழுதக் காரணம் அந்தக் கணக்கு. அதே கணக்கை ஒன்பதாம் வகுப்பில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நானும் போட்டேன். விடையும் கிட்டத்தட்ட இதேதான் வந்தது. அதற்காகத் திட்டும் வாங்கினேன். அதைச் சொல்கிறேன்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். திருடர்களைக் கொண்டாடலாமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அந்த விவாதத்தில் இதுவரை யாரும் மனம் மாறி எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை. பழையது மேலா புதியது மேலா என்பதும் வேண்டாம். பெயர், மினி, தங்கம், போக்குவரத்து நெரிசல் என்று சிலதுதான் இரண்டுக்கும் பொது. கதையில் ஆழமில்லை என்பது சரி. ஆழத்துக்கு யார் இந்தப் படத்துக்குப் போகிறார்கள்?

பார்வையாளர் கருத்துகளை நான் கேலி செய்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். நானும் அவற்றை விரும்பிப் படிப்பவன்தான். வயிறு வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால் வலி உண்மை, எதைத் தின்றதால் வலிக்கிறது என்று அவன் சொல்வதில்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 2011-இல் 'டிரைவ்' படம் வந்தபோது அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பெண் வழக்கே போட்டார். முன்னோட்டத்தைப் பார்த்துக் கார்த் துரத்தல் படம் என்று நம்பிப் போனாராம், உள்ளே போனால் வண்டி ஓடியதே கொஞ்சம்தானாம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவம், அந்த அம்மா கேட்டது நியாயமான சரக்கு.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

என் பெரியப்பா லாரி டிரைவர். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார், வந்தால் இரண்டு நாள் தூங்குவார், மூன்றாம் நாள் வீடியோ கேசட் எடுத்து வரச் சொல்வார். மொழி புரிகிறதா என்றெல்லாம் கவலையில்லை, வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான். அப்படி வந்த கேசட்டுகளில் ஒன்றுதான் இந்தப் படம். எனக்குப் பதினான்கு வயது. உங்கள் கருத்துக்காரர்கள் இழுவை என்று சொல்லும் அந்தப் பகுதியில் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

இன்ஜின் சத்தத்தில் விழித்தபோது மூன்று மினிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்துகொண்டிருந்தன. சிவப்பு, வெள்ளை, நீலம். நான் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பெரியப்பாவின் காலைப் பார்த்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வலது பாதம் சிமெண்டுத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. திரையில் வண்டி வளைவை நெருங்கும்போது மிதிக்கிறது, வளைந்ததும் லேசாக விடுகிறது. கட்டை விரல் நகம் கறுத்துப்போன, வெடித்த பாதம். இடது கை மடியில் கிடந்த துண்டை கியர் குச்சி மாதிரி பிடித்திருந்தது. இதெல்லாம் அவருக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "காலி வண்டிடா இது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. தங்கம் ஏற்றியதை இப்போதுதானே காட்டினார்கள் என்றேன். "ஏத்தினதைக் காட்டினான். ஏறலை. பின்பக்கம் அமுங்கியிருக்கா பாரு. டிக்கியில அவ்வளவு வெச்சா பின் டயர் மட்கார்டுல போய் உரசும், முன்பக்கம் தூக்கிரும், ஸ்டியரிங் காத்துல சுத்துற மாதிரி லேசாயிரும். இவன் என்னடான்னா படியில குதிக்கிறான்."

மறுநாள் நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். தங்க விலையை அப்பாவிடம் கேட்டு, பழைய விலை தேடி, டாலரை அவுன்ஸாக்கி, அவுன்ஸைக் கிலோவாக்கி, பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். நீங்கள் சொன்னது சரிதான் பெரியப்பா, மூன்றரை டன் வருகிறது! அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அதுக்குப் பேப்பர் எதுக்குடா, பின் டயரைப் பாரு" என்று தலையில் ஒரு தட்டு தட்டினார். வலித்தது.

உங்கள் மீது எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நீங்கள் பொறியாளர். வண்டியின் எடை எங்கே போய் உட்காரும், ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்பதெல்லாம் என் பெரியப்பாவைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் நீங்கள் வண்டியைப் பார்க்கவில்லை, விலைப்பட்டியலைப் பார்த்தீர்கள். படம் முடிந்து, தூக்கம் வராமல், கையில் போனோடு கண்டுபிடித்த ஓட்டை அது. பார்க்கும்போதே கால் உணர்ந்த ஓட்டை இல்லை. லாஜிக் ஓட்டை என்று எழுதுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த ரகம்தான். படம் ஓடும்போது வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஆள்வைத்து ஏமாற்றப்பட்டவர்கள் மாதிரி கணக்குப் புத்தகத்தோடு வருவது! அந்த நேரத்தில் உங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டதா இல்லையா? அதை ஏன் எழுதவில்லை?

இன்னொன்றும் கவனியுங்கள். தங்கத்தின் எடையில்தான் அந்தப் படம் ஏமாற்றியது, காரின் எடையில் ஏமாற்றவில்லை. இத்தாலியின் டூரின் நகரத்தில் நிஜமாகவே ஓட்டினார்கள். கல்யாணம் நடக்கும் தேவாலயத்தின் படிகளில் இறக்கினார்கள், லிங்கோட்டோவில் ஃபியட் தொழிற்சாலையின் மொட்டை மாடியில் இருக்கும் சோதனைத் தடத்தில் சுற்றவிட்டார்கள், கூரைவிட்டுக் கூரை பறக்கவிட்டார்கள். ஓட்டியது ரெமி ஜூலியன் என்ற பிரெஞ்சுக்காரரின் குழு. (சாக்கடைக் குழாய்க்குள் போகும் இடம் மட்டும் இத்தாலி இல்லை, இங்கிலாந்தின் கவென்ட்ரி.) மினியைத் தயாரித்த கம்பெனி பெரிதாக ஒத்துழைக்கவில்லை, ஃபியட்டோ எங்கள் கார்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றது, தயாரிப்பாளர் மைக்கேல் டீலி மாட்டேன் என்று மினியோடு நின்றுவிட்டார். கூரையைத் தாண்டி இறங்கும்போது அந்தக் குட்டி வண்டி குலுங்குவது கேமராவுக்காகச் செய்த குலுக்கல் இல்லை, இரும்பு தரையில் விழுந்த குலுக்கல். பெரியப்பாவின் பாதம் மிதித்தது அதற்குத்தான். மூளை காலி வண்டி என்றது, கால் கேட்கவில்லை.

இன்று கம்ப்யூட்டரில் செய்யும் துரத்தல்களைப் பார்த்துவிட்டு, பிரமாண்டம்தான் ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று எழுதுகிறார்களே, அந்த ஏதோ இதுதான். வண்டி வளையும்போது வெளிப்பக்கம் சாய வேண்டும், பிரேக் போட்டால் மூக்கு இறங்க வேண்டும், குதித்து விழுந்தால் ஒரு தடவையாவது அமுங்கி எழ வேண்டும். இது குறைந்தால் எத்தனை வண்டி வெடித்தாலும் காலுக்குத் தெரிந்துவிடும். இதற்கு எதிர்ப்பக்கம் 2011-இல் வந்த 'ஃபாஸ்ட் ஃபைவ்'. இரண்டு கார்கள் ஒரு பெரிய பெட்டகத்தைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு ஓடும். இயற்பியல் வாத்தியார் பார்த்தால் மயங்கி விழுவார். ஆனால் படப்பிடிப்புக்குச் செய்த பெட்டகங்களில் ஒன்றுக்குள் ஒரு வண்டியையே வைத்து, உள்ளே ஆளை உட்காரவைத்து ஓட்டினார்கள். அது திரும்பும்போது ஒரு கனமும் சேர்ந்து திரும்புகிறது. கணக்கு பொய், கனம் நிஜம். எனக்கு அது போதும், உங்களுக்குப் போதாதென்றால் நான் என்ன செய்ய?

2003 படத்தையும் பார்த்திருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அதில் ஒரே மாதிரி மூன்று கவச லாரிகள் கிளம்பும். எதில் தங்கம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எது அதிகம் அமுங்கியிருக்கிறது என்று பார்த்து! முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் தனியாக இருந்தேன், யாரிடமும் சொல்ல முடியவில்லை. பெரியப்பா அதற்குள் போய்விட்டிருந்தார். அந்தப் படத்தில் சுரங்க ரயில் பாதைக்குள் பெட்ரோல் வண்டி ஓட்ட அனுமதி கிடைக்காமல் மின்சாரத்தில் ஓடும் மூன்று மினிகளைச் செய்தார்கள் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. எனக்கு அந்தப் படம் அந்த லாரிகளின் டயர் இடைவெளிதான்.

இப்போது முடிவு இல்லை என்ற புகார். பழைய படத்தில், மினிகளிலிருந்து தங்கத்தை மாற்றி ஏற்றிய பேருந்து மலைப்பாதை வளைவில் சறுக்கி, பின்பாதி பள்ளத்தின் மேல் தொங்குகிறது. ஆட்கள் முன்பக்கம், தங்கம் பின்பக்கம். நாயகன் சார்லி தங்கத்தை நோக்கித் தவழ்ந்து போகிறான், போகப் போக அது நழுவுகிறது. ஒரு யோசனை இருக்கிறது என்கிறான். படம் முடிகிறது. அங்கே பெரியப்பாவின் பாதம் தரையிலிருந்து எழவே இல்லை. முன்னால் குனிந்து, மெதுவாக, பக்கத்தில் யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போலச் சொன்னார்: "இப்பத்தான்டா லோடு ஏறியிருக்கு."

எனக்கு அதன் அர்த்தம் பிடிபட வருடங்கள் ஆயின. படிகளிலும் கூரையிலும் சாக்கடையிலும் எடையே இல்லாமல் பறந்த அதே தங்கம் கடைசி இரண்டு நிமிடத்தில் மொத்த எடையோடு வந்து உட்காருகிறது. நீங்கள் மூன்று மணிக்குக் கண்டுபிடித்த ஓட்டையை அந்தப் படம் கடைசிக் காட்சியாகவே வைத்திருக்கிறது. தெரிந்து செய்தார்களா? எனக்குக் கவலையில்லை. அங்கே உட்கார்ந்திருப்பது நீங்கள் அவுன்ஸ் அவுன்ஸாகக் கூட்டிய மூன்றரை டன்தான். முடிவு வேண்டும் என்று அழுபவர்களுக்கு ஒரு தகவல்: பிரிட்டனின் வேதியியலுக்கான ராயல் சொசைட்டி இதற்காகவே ஒரு போட்டி வைத்து 2009-இல் முடிவை அறிவித்தது. ஹெலிகாப்டர் கூடாது, 30 நிமிடத்துக்குள் ஆட்களும் தங்கமும் தப்ப வேண்டும். முன் டயர்களின் காற்றைப் பிடுங்கி ஆட்டத்தைக் குறைப்பது, பின்னால் இருக்கும் டேங்கின் எரிபொருளை வடிப்பது, வெளியே இறங்கிக் கல் பொறுக்கி முன்பக்கம் ஏற்றுவது என்று போகிறது வென்ற விடை. பெரியப்பா இருந்திருந்தால் அந்த விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து பேசியிருப்பார். அவருக்கு அந்தக் காட்சியில் ஒரே குறைதான், ஓடுகிற வண்டிக்குள் பீர் குடித்து ஆட்டம் போட்டவர்களை டிரைவர் முதல் வளைவிலேயே இறக்கிவிட்டிருக்க வேண்டும் என்பார்.

ஆமாம், உங்கள் மகன். ஓட்டிவிட்டுக் காட்டாதீர்கள். முதல் பாதியில் பையனுக்குத் தேவையில்லாத கூத்துகள் சில உண்டு, அதற்கும் சேர்த்தே சொல்கிறேன், தூங்கினால் தூங்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கணக்கைச் சொல்லாதீர்கள். இன்ஜின் சத்தம் கேட்டால் அவனே எழுந்துகொள்வான், நான் அப்படித்தான் எழுந்தேன்.