கட்டு யாருடையது?

அன்புள்ள ஐயா,

என் மகள் மும்பையில் ஒரு சட்ட நிறுவனத்தில் இளம் வழக்கறிஞர். அவள் பிரிவின் மூத்த பங்குதாரர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார். போகும்போது பெரிய வாடிக்கையாளர்களையும் கொண்டுபோய்விட்டார். இருபது வருடம் சோறு போட்ட இடத்துக்கு இது துரோகம் இல்லையா? சட்டம் தடுக்காதா?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்று கேட்டால் இரண்டு தரப்பும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும். விலகிய கூட்டாளி போட்டித் தொழில் நடத்தலாம் என்று 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 36ஆம் பிரிவே சொல்கிறது. பழைய நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, அதன் வாடிக்கையாளர்களை வலியப் போய் அழைக்கக் கூடாது, அவ்வளவுதான். நியாயமான கால, இட வரம்புக்குள் போட்டியிட மாட்டேன் என்று எழுதிக்கொடுத்திருந்தால் அது செல்லும்.

கோப்புகளின் கதை வேறு. விலகும்போது அலுவலகக் கணினியிலிருந்து வரைவுகளையும் கட்சிக்காரர் பட்டியலையும் பிரதி எடுத்துப்போன வழக்கறிஞர்களுக்கு, அவற்றைப் பயன்படுத்தக் கூடாதென்று டெல்லி உயர் நீதிமன்றம் 2006இல் தடை போட்டது.

ஆனால் ‘கொண்டுபோய்விட்டார்’ என்கிறீர்களே, வாடிக்கையாளர்கள் என்ன பொள்ளாச்சிச் சந்தையில் கயிறு மாற்றிப் பிடிக்கிற மாடுகளா?

பாலக்காட்டில் நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோது, எங்கள் அலுவலகத்தின் இரண்டாமவர் கோபித்துக்கொண்டு எதிர்வரிசை அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார். உங்கள் ஊர்ப்பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தன் வரப்பு வழக்கை அவரிடமே கொடுக்க விரும்பினார். ஏற்கெனவே வக்காலத்து உள்ள வழக்கில் இன்னொருவர் ஆஜராக முன்னவரின் சம்மதம் வேண்டும். கிடைக்காவிட்டால் காரணம் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். சீனியர் கையெழுத்துப் போடவில்லை. பீஸ் பாக்கி என்றார். பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. அவருக்கா தெரியாது?

மூன்று வாய்தா போயிற்று. ஒவ்வொரு முறையும் தோப்புக்காரர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கட்டுக்குள் இருந்ததோ அவருடைய பாட்டன் காலத்துத் தமிழ்ப் பத்திரம். எனக்கு அன்று போனவர்மீது கோபம் வரவில்லை.

நான்காம் முறை சீனியர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். அலமாரியிலிருந்து கட்டை நான்தான் இறக்கினேன். தான் எழுதிய குறிப்புகளை உருவிக்கொள்ள நாடாவை அவிழ்த்தார். இரண்டு தாள்தான் தேறியது. மேலட்டையில் ஏழு வருட வாய்தாத் தேதிகளும் போனவரின் கையெழுத்தில் இருந்தன.